மூச்சுப் பிடித்து எடுத்த கல்யாணப் படம்

பிள்ளைகளே,

முன்கூடத்தில் மாட்டியிருக்கும் எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்து நீங்கள் சிரித்ததெல்லாம் போதும். அம்மா அத்தனை அழகாகச் சிரித்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் ஏன் கரையில் எடுத்துப் போட்ட விளமீன் மாதிரி வாயைத் திறந்துகொண்டிருக்கிறார் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சின்னவன் விளக்கம் கேட்கிறான். இதில் இன்னொரு வேடிக்கை. போன வாரம் மூத்தவள் என்னிடம் வந்து, தன் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "உங்க படம் மாதிரி வரணும்ப்பா. மத்தவங்க படமெல்லாம் பொம்ம மாதிரி இருக்கு. அதுக்கு என்ன செஞ்சிய?" என்று கேட்டாள். சிரிக்கிறதும் நீங்களே, அதே மாதிரி வேண்டும் என்கிறதும் நீங்களே.

சொல்லுகிறேன். வாயால் சொன்னால் உங்கள் அம்மா நடுவில் புகுந்து எனக்குச் சாதகமான இடங்களையெல்லாம் வெட்டிவிடுவாள். அதனால் எழுதித் தருகிறேன்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு இருபத்துமூன்று வயது. சங்கு குளிக்கிற காலத்தில் கடலுக்குப் போவேன். மற்ற மாதங்களில் தோணித் துறையில் நின்று ஏறுகிற மூட்டைகளைக் குறித்துக்கொள்ளுகிற வேலை. உங்கள் அம்மாவின் அப்பா கொழும்பில் ஓர் அரிசிக் கடையில் இருந்தார். மனைவி இறந்துபோனவர். மகளைத் தூத்துக்குடியில் தன் தங்கையின் பொறுப்பில் விட்டிருந்தார். அந்த அத்தைதான் என்னைப் பார்த்து, விசாரித்து, மாதா கோயிலில் சாமியாரிடமும் கேட்டு, சம்பந்தத்தைப் பேசி முடித்தாள். கொழும்புக்கு விஷயம் எழுதிப் போனது. யுத்த காலத்தில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வரப் பாஸ் கிடைப்பது லேசில்லை. மாமனாரால் வர முடியவில்லை. கடிதம் மட்டும் வந்தது, தோணியை ஓட்டிக்கொண்டு வந்த தண்டலின் சட்டைப் பையில்.

அந்தக் கடிதம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தங்கைக்கு எழுதியிருந்தார்: "நீ பார்த்த மாப்பிள்ளை நல்லவன் என்கிறாய், சரி. எனக்காகக் கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். பிள்ளைக்குச் சம்மதமா இல்லையா என்று நீ எழுத வேண்டாம், அவளும் எழுத வேண்டாம். எழுத்தில் எல்லாரும் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள். முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். முகம் வாடியிருந்தால், பாஸ் கிடைத்த அன்றைக்கே வந்து அவளைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்."

அத்தை இதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோயிலில் சாமியார் கட்டி வைத்ததை யாரும் பிரிக்க முடியாது, அது தெரியும். ஆனால் பெண்சாதி கொழும்பிலும் நான் தூத்துக்குடியிலும் இருந்தால், சாமியார் கட்டி வைத்ததை வைத்து நான் என்ன செய்வது?

அதுவும் அந்தக் காலத்துக் கல்யாணப் படங்கள் உங்களுக்குத் தெரியாது. எல்லா மாப்பிள்ளைகளும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தது போல இருப்பார்கள். எல்லாப் பெண்களும் அந்தப் போலீஸ்காரருக்குத் தங்கை போல இருப்பார்கள். அத்தையின் கல்யாணப் படம் சுவரில் தொங்கியது. அதைப் பார்த்த ஒரு வெளியூர்க்காரர், யாருடைய சாவுக்கு எடுத்தது என்று கேட்டாராம். அத்தைக்கு அதில் ரொம்பப் பெருமை. "பொண்ணுன்னா குனிஞ்சிருக்கணும். பல்லு தெரியப்படாது. பல்லு தெரிஞ்சா அது பொண்ணா, பேயா?" என்பாள். இந்த அத்தையின் கையில் வளர்ந்த பெண்ணின் முகத்தை வைத்துத்தான் என் தலையெழுத்தைத் தீர்மானிக்க மாமனார் கொழும்பில் உட்கார்ந்திருந்தார்.

பெண்ணின் சம்மதம் எனக்கே தெரியாது, அது வேறு. மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஒரு வார்த்தை பேசினதில்லை.

கடைத்தெருவில் இருந்த போட்டோக்காரர் விளாத்திகுளம் பக்கத்து மனுஷர். கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்தவர், கடலைப் பார்த்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவரிடம் போய்க் கேட்டபோது, "யுத்தத்துல கண்ணாடிப் பிளேட்டே வர மாட்டேங்குதுய்யா. கையில மூணுதான் இருக்கு. மூணுல ஒண்ணு நல்லா வந்துரும். இந்த மூணும் போச்சுன்னா அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்றார். கொழும்புக்குப் போகிற தோணி கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் பாய் விரிக்கிறது. அதற்குள் ஒரு முகமாவது சிரிக்க வேண்டும்.

காலையில் கோயிலில் கல்யாணம் முடிந்தது. அத்தையின் வீட்டுக்கு வந்தோம். கடற்கரையை ஒட்டின வீடு. வாசல் நடையில் இரண்டு நாற்காலி போட்டு, பின்னால் போட்டோக்காரர் ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார். அதில் ஒரு பூந்தோட்டமும் ஒரு குளமும் வரைந்திருந்தது. நூறு அடி தூரத்தில் ஆண்டவர் படைத்த கடல் முழுசாகக் கிடக்க, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாங்கள் சாயக் குளத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

எனக்குக் கோட்டு கிடையாது. கப்பல் கம்பெனியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக் குமாஸ்தாவிடம் ஒரு நாளைக்கு வாங்கியிருந்தேன். அவருக்கு நெஞ்சு என்று தனியாக ஒன்று கிடையாது, கழுத்துக்குக் கீழே நேராக வயிறுதான். நடுப் பொத்தானைப் போட என் மச்சான் முழங்காலை ஊன்ற வேண்டியிருந்தது. மச்சான் என்றால் என் அக்காளின் புருஷன். கடலில் எனக்குக் கயிறு பிடிக்கிறவர் அவர்தான்.

உங்களில் யாரும் சங்கு குளிக்கப் போகவில்லை, அதனால் சொல்ல வேண்டும். குளிக்கிறவன் இடுப்பில் கயிறு. மறுநுனி தோணியில் நிற்கிறவர் கையில். அவர் மச்சான் முறை உள்ளவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். ஆளை அடியில் விட்டுவிட்டு வந்தால் வீட்டில் பெண்சாதிக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் கை தளராது.

போட்டோக்காரர் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தார், வெளியே வந்தார், லென்ஸ் மூடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"இப்ப ரெண்டு பேரும் மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சிக்கிடுங்க. நான் மூணு எண்ணுத வரைக்கும் அசையப்படாது."

மூச்சைப் பிடி என்று சொன்னால் உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பதினாலு வயதிலிருந்து செய்ததைச் செய்தேன். முதலில் உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் வெளியே தள்ளினேன். பிறகு வயிற்றின் அடியிலிருந்து இழுத்து, விலா நிறைய ஏற்றி, தோளை உயர்த்தி, கன்னத்திலும் கொஞ்சம் சேமித்து, உதட்டை இறுக்கி, கண்ணை மூடி, இடது கையால் மூக்கைப் பொத்தினேன். நடுப் பொத்தான் தெறித்தது. அது போட்டோக்காரரின் காதோரமாகப் பறந்து வாசல் மணலில் விழுந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் அடியில் இருந்தேன்.

"மூணு," என்றார் போட்டோக்காரர். "ஆச்சு. மூச்ச விடலாம்."

நான் விடவில்லை.

"ஆச்சுய்யா. விடுங்க."

எனக்குக் கேட்கவில்லை. மூச்சைப் பிடித்தால் என் காது அடைத்துக்கொள்ளும், அது பழக்கம். போட்டோக்காரர் பயந்துபோய் மச்சானைப் பார்த்தார்.

"மூணுக்கா மேல வருவான்? எட்டுப் பாகம் ஆழம் இறங்கிட்டு வரணும்லா," என்றார் மச்சான். "கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. அவனா வருவான்."

நானாக வந்தபோது எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். போட்டோக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மூக்க ஏன்யா பிடிச்சிய?"

"நீங்கதான மூச்சப் பிடிக்கச் சொன்னிய."

"நான் எங்க ஊர்ல எத்தனையோ கல்யாணத்துக்குச் சொல்லியிருக்கேன். ஒரு மாப்பிள்ளையாவது இப்படிக் கிணத்துல விழுதவன் மாதிரி பிடிச்சதில்ல."

அதற்குள் அத்தை பொத்தான் போன இடத்தைப் பார்த்துவிட்டாள். "ஐயோ, இரவல் கோட்டுல்லா. குமாஸ்தா பொஞ்சாதி வாய் உங்களுக்குத் தெரியாது" என்று வாசலில் இறங்கி மணலைக் காலால் அளைய ஆரம்பித்தாள்.

நான் ஓரக்கண்ணால் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். தலையில் போட்டிருந்த வலைத்துணி முகத்தின் மேல் விழுந்திருந்தது. தலை குனிந்திருந்தது. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாள் என்று நினைத்தேன். ஒரு பிளேட்டு போனதைவிட அது எனக்குப் பெரிய இடியாக இருந்தது. கல்யாணமாகி ஒரு மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் பெண் அழுகிறாள், இதைத்தான் கொழும்புக்கு அனுப்பப் போகிறோம். உதட்டை அசைக்காமல் கேட்டேன்:

"உனக்குச் சம்மதம்தான?"

அதுதான் உங்கள் அம்மாவிடம் நான் பேசின முதல் பேச்சு. அவள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

"எனக்கு என்ன தெரியும்? படம் போகட்டும். அப்பா பாத்துச் சொல்லுவாங்க."

சொன்ன பிறகு தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. அப்போதும் எனக்குப் புரியவில்லை.

இரண்டாவது பிளேட்டுக்கு மச்சான்தான் யோசனை சொன்னார். "அவனுக்குக் காது அடைச்சிக்கிடும் அண்ணாச்சி. நீங்க எண்ணுறது கேக்காது. இடுப்புல ஒரு கயிறக் கட்டிருவோம். நான் திரைக்குப் பின்னால நின்னுக்கிடுதேன். நீங்க எண்ணி முடிச்சதும் கையத் தூக்கிக் காட்டுங்க, நான் இழுத்துச் சொல்லுதேன்."

போட்டோக்காரருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும் பட்டது. இதில் தப்பு இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டிலிருந்து மெல்லிசுக் கயிறு வந்தது. கோட்டுக்கு அடியில் இடுப்பில் கட்டி, நாற்காலி முதுகின் இடுக்கு வழியாக, திரைக்கு அடியில் விட்டோம். பொத்தான் போன இடத்தை மறைக்கப் பூச்செண்டை என் மடியில் வைத்தார்கள். மூக்கைப் பிடிக்காமல் இருக்க இரண்டு கையாலும் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டேன்.

நான் மூச்சை இழுத்தேன். போட்டோக்காரர் மூடியை எடுப்பதற்காகக் கையைத் தூக்கினார்.

திரையின் ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மச்சான், தூக்கின கையைப் பார்த்தார். அதுதான் அடையாளம் என்று எண்ணிவிட்டார். இனி நடந்ததற்கு அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. கயிறு பிடிக்கிறவருக்கு இழுப்பது என்றால் ஒரே அர்த்தம்தான், ஆளின் தலை தண்ணீருக்கு மேலே தெரிகிறவரை கைக்குக் கை மாற்றி இழுப்பது. நானும் நாற்காலியும் பின்பக்கமாகச் சாய்ந்து, பூந்தோட்டத்தைத் தாண்டி, குளத்தைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தோம்.

அதற்குள் போட்டோக்காரர் மூடியை எடுத்திருந்தார். அந்தப் பிளேட்டையும் பிறகு கழுவிப் பார்த்தார்கள். அதில் மணப்பெண் தெளிவாக இருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் இரண்டு செருப்புகள் ஆகாசத்தில் நிற்கின்றன. அதை உங்கள் அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள். நான் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

"நல்லா இழுத்துட்டேன்லா மாப்பிளே?" என்று மச்சான் என்னைத் தூக்கி நிறுத்தினார். தூசி தட்டிவிட்டார். அவர் முகத்தில் வேலையை ஒழுங்காகச் செய்தவரின் திருப்தி.

போட்டோக்காரர் கிழிந்த குளத்தைக் கையில் பிடித்துப் பார்த்தார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒரே ஒரு பிளேட்டு. திரை இல்லை. பொத்தான் இல்லை. பெண் அழுதுகொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு என் நெஞ்சில். கொழும்பில் பாஸுக்கு எழுதிப் போட்டுவிட்டு மாமனார் பெட்டியை எடுத்துத் தூசி தட்டுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

"திரை போனா என்ன?" என்று ஒரு குரல் கேட்டது. உங்கள் அம்மாதான். கல்யாணப் பெண் அத்தனை பேருக்கு முன்னால் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "வெளிய வச்சு எடுக்கப்படாதா?"

போட்டோக்காரர் வாசலைப் பார்த்தார். "வெளிய வெயிலு சுள்ளுன்னு அடிக்கி தாயீ. கண்ணு கூசும். முகத்துல பாதி வெளுத்து, பாதி கருத்துப் போயிரும்."

முற்றத்தில் இரண்டு கம்புகளுக்கு நடுவே தோணியின் பழைய பாய் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கிழிந்த திரைக்கு ஏதாவது ஈடு செய்யத் துடித்துக்கொண்டிருந்த மச்சான் அதை அவிழ்த்துக் கம்புகளின் தலையில் பந்தல் போலக் கட்டினார். போட்டோக்காரர் அதன் கீழே போய் நின்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிழலும் இருந்தது, வெளிச்சமும் இருந்தது. பழந்துணிக்குள் புகுந்து வந்த வெயில் பால் மாதிரி இறங்கியது. மணலிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் முகத்துக்கு ஏறியது. முதல் முறையாக அந்த மனுஷர் சிரித்தார்.

"இங்கன எண்ண வேண்டியதே இல்ல. திறந்து மூடினா போதும். மாப்பிள்ளை மட்டும் அசையாம இருந்தா எம்புட்டோ புண்ணியம்."

மூத்தவளே, இதை நீ குறித்துக்கொள். உன் போட்டோக்காரர் விளக்கு, ஒயர் என்று எத்தனை கொண்டுவந்தாலும் சரி, முற்றத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அதன் கீழே நிற்க வை. திரை மட்டும் வேண்டவே வேண்டாம். உன் மாப்பிள்ளை எந்த ஊர்க்காரராக இருந்தாலும், குளத்தில் விழுவதற்குக் கயிறு அவசியமில்லை.

இரண்டு பேரையும் பாய்க்கடியில் நிற்க வைத்தார்கள். என் இடுப்பில் கயிறு அப்படியே இருந்தது. மச்சான் மறுநுனியைத் தேடி எடுத்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். போட்டோக்காரர் மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நீங்க இழுக்க வேண்டாம்."

"இழுக்காட்டி அவன் எப்படி மேல வருவான் அண்ணாச்சி? சும்மா ஒரு சொடுக்கு."

"உங்க சொடுக்க நான் பாத்துட்டேன்."

உங்கள் அம்மா கையை நீட்டினாள். "கயிற எங்கிட்ட தாங்க அண்ணே."

மச்சான் கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இது மச்சான் பிடிக்கிற கயிறும்மா. பொம்பள பிடிக்கிற வழக்கமில்ல."

"அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்களுக்கு மச்சினன்தான போவாரு," என்றாள் உங்கள் அம்மா. "எனக்கு?"

வாசல் மணலை மாவு சல்லடையால் சலித்துக்கொண்டிருந்த அத்தை நிமிராமல் கத்தினாள்: "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுதா பாரு."

மச்சான் கயிற்றைக் கொடுத்துவிட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அழுகிற பெண் இப்படிப் பேசுவாளா என்று ஒரு சந்தேகம் அப்போதுதான் எனக்குள் எட்டிப் பார்த்தது.

அவள் கயிற்று நுனியைப் பூச்செண்டுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தாள். மெதுவாக என்னிடம் சொன்னாள்: "மூச்சப் பிடிச்சி, கண்ண மூடிக்கிடுங்க. அவர் மூடி போட்டதும் நான் இழுக்கேன். இழுத்தாத்தான் வரணும்."

"கண்ண மூடினா படத்துல..."

"சொன்னதச் செய்யுங்க."

இருபத்தைந்து வருஷமாக நான் கேட்கிற அந்தத் தொனியை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கண்ணை மூடினேன். காற்றைத் தள்ளினேன், இழுத்தேன், ஏற்றினேன், இறங்கினேன். காது அடைத்தது. பாயின் படபடப்பு கேட்கவில்லை, கடல் கேட்கவில்லை. முற்றத்து மணலில் நின்றுகொண்டு, ஒரு பெண்ணின் கையில் இருக்கிற கயிற்றை நம்பி, அடியில் இருந்தேன்.

இடுப்பில் ஒரு சின்ன இழுப்பு. இவ்வளவு சீக்கிரமா என்று நினைக்க நேரமில்லை. கயிறு சொன்னால் வந்துவிட வேண்டும், அதில் யோசனை கிடையாது. வந்தேன்.

அடியிலிருந்து மேலே வருகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, தோணியில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். கண் அகலத் திறக்கும். வாய் தானாகத் திறக்கும். எதைப் பார்த்தாலும் அதை அதுவரை பார்த்திராதவன் மாதிரி பார்ப்பான். நான் கண்ணைத் திறந்தபோது எதிரில் இருந்தது உங்கள் அம்மாவின் முகம். காற்றில் வலைத்துணி பின்னால் போயிருந்தது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். முதல் பிளேட்டிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு. தோள் குலுங்கினது அதனால்தான்.

மூடி போட்டதும் இழுப்பதாகச் சொன்னவள், போட்டோக்காரர் மூடியை எடுக்கும்போதே இழுத்துவிட்டாள். அந்த மனுஷரும் கெட்டிக்காரர்தான். எங்கள் முகத்தைப் பார்த்தார், திறந்தார், மூடினார். அவ்வளவுதான் உங்கள் முன்கூடத்துப் படம்.

அத்தை மட்டும் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தால் இது நடந்திருக்காது. உதட்டை உள்ளே மடக்கி, கண்ணை உருட்டி, விரலைக் காட்டிப் பெண்ணை அடக்கியிருப்பாள். பொத்தான்தான் காப்பாற்றியது. ஆகையால் மூத்தவளே, படம் எடுக்கிற நேரத்தில் உன் பின்னால் அலைகிற சொந்தக்காரர்களுக்கு ஏதாவது வேலை கொடு. வேலை கிடைக்காவிட்டால் ஒரு பொத்தானைப் பிய்த்து மணலில் எறி.

மறுநாள் மத்தியானம் போட்டோக்காரர் படத்தைக் கொண்டுவந்தார். அத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பல்லு தெரியுது."

படத்தைத் தள்ளிப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தாள்.

"இதயா கொழும்புக்கு அனுப்ப? நான் பிள்ள வளத்த லட்சணத்தப் பாத்து அண்ணன் என்னய என்ன நினைப்பாக? அண்ணாச்சி, நீங்க பிரஷ்ஷு, மை எல்லாம் வச்சு மூக்க எடுப்பா ஆக்குவியளாம்லா. இந்தப் பல்ல மட்டும் மூடி விட்டுருங்க."

"மூடலாம்," என்றார் போட்டோக்காரர், மனசில்லாமல். "மாப்பிள்ளை வாயையும் சேத்து மூடிரட்டா?"

நான் வாயைத் திறந்து மூடினேன். எனக்கும் அந்தப் படம் அத்தனை பிடிக்கவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்ளுகிறேன். உங்கள் அம்மா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அத்தையின் மடியிலிருந்து படத்தை எடுத்தாள்.

"அத்தை, அப்பா என் முகத்தப் பாக்கணும்னுதான் எழுதியிருக்காங்க. அண்ணாச்சி பிரஷ்ஷப் பாக்கணும்னு எழுதல."

இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, துணியில் சுற்றி, பிஸ்கோத்து டின்னில் போட்டு, நான் தண்டலிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். உப்புத் தண்ணீர் படக்கூடாது என்று நாலு தரம் சொன்னேன். "கடல்ல எங்க மாப்பிளே உப்பு?" என்றார் அவர். தோணி கண்ணுக்கு மறைகிறவரை துறையில் நின்றேன்.

அதற்குப் பிறகு கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொரு தோணியையும் நான் பார்த்த பார்வை துறையில் எல்லாருக்கும் வேடிக்கையாகப் போய்விட்டது. மேல்தட்டில் வேட்டி கட்டின வயசாளி யாராவது நின்றால் என் மூட்டைக் கணக்கு தப்பிவிடும். மாமனாரை நான் பார்த்ததே இல்லை. அதனால் எந்தக் கிழவரும் அவராக இருக்கலாம். ஒரு நாள் கொப்பரை ஏற்றி வந்த ஒரு வியாபாரியைக் கும்பிட்டு, பெட்டியை வாங்கிக்கொண்டு, பாதித் தூரம் நடந்துவிட்டேன். வீட்டில் உங்கள் அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்லுவாள் என்று தெரியும். அப்பா சொல்லுவாங்க என்பாள்.

நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. தண்டலே வீட்டுக்குக் கொண்டுவந்தார். இந்தத் தடவை அத்தைக்கு இல்லை, மகள் பேருக்கு. அவள் பிரித்துத் தனக்குள் படித்தாள். நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதியில் அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை நான் ஏமாறவில்லை.

"சத்தமாப் படி."

படித்தாள்.

"அன்புள்ள மகளுக்கு. படம் கிடைத்தது. கடையில் எல்லாருக்கும் காட்டினேன். உன் முகத்தைப் பார்த்ததும் என் கவலை தீர்ந்தது. நீ சின்னப் பிள்ளையில் சிரித்த சிரிப்பு அப்படியே இருக்கிறது. இனி உன்னைக் கூட்டிக்கொண்டு போக வரமாட்டேன், பார்க்கத்தான் வருவேன். ஆனால் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் வேறு ஒரு கவலை வருகிறது. யாரோ பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினது போல நிற்கிறார். உன் அத்தையை எனக்குத் தெரியும், வற்புறுத்தியிருப்பாள். இந்தக் கல்யாணத்தில் அவருக்குச் சம்மதம்தானா என்று நீ பக்குவமாகக் கேட்டு எனக்கு எழுத வேண்டும்."

கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா கேக்காங்க. என்ன எழுத?"

"சம்மதம்னு எழுது."

"எழுத்துல எல்லாரும் சௌக்கியமாத்தான் இருப்பாங்க," என்றாள் உங்கள் அம்மா. "வெளிச்சத்துக்கு வாங்க. இப்படித் திரும்புங்க. முகத்தப் பாத்துத்தான் எழுதணும்."

ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். நான் எட்டிப் பார்க்கப் போனபோது கையால் மறைத்துக்கொண்டாள். மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, தண்டலிடம் அவளே கொடுத்துவிட்டாள்.

அதில் என்ன எழுதினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. யுத்தம் ஓய்ந்து மாமனார் வந்தபோது, தோணியிலிருந்து இறங்கினதும் என் தோளில் கையைப் போட்டு, "உங்களுக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லையே மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.